சும்மா நடந்து வந்தவர்

மகன்,

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். நீ வியாழக்கிழமை கொழும்பிலிருந்து வந்து உன் அறைக்குள் போகும்போது இந்தத் தாள்கள் கட்டிலில் இருக்கும், கல்யாணத்துக்குத் தைத்த சட்டைக்குப் பக்கத்தில். முகம் கழுவு. சாப்பிடு. பிறகு வாசி. வாசித்து முடிக்கும் வரை நுஸ்ராவின் வாப்பாவைப் பார்க்கப் போகாதே. மகன்களை மட்டும் பெற்ற வேறு உம்மாமார் யாராவது இதை வாசிக்க நேர்ந்தாலும் எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாய். தலையை நிமிர்த்தாமல், மீன் முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டு.

"உம்மா, நான் அவங்கட ஊட்டுக்குப் போகல்ல. காவின் எழுதி முடிஞ்சதும் நுஸ்ராவ இஞ்ச கூட்டிட்டு வாறன்."

"அவட வாப்பா என்ன சொல்லுவார்?"

"வியாழன் வந்து நானே கதைக்கன். நீங்க தனிய இரிக்க ஏலா உம்மா."

"யோசிச்சுச் சொல்றன்" என்றேன். அது பொய். யோசிக்க எதுவும் இருக்கவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கல்யாணம், பெண்வீட்டார் உனக்காக வீட்டைக் கட்டி முடித்துக் காத்திருக்கிறார்கள், இதெல்லாம் தெரிந்தும் வந்த சந்தோஷம். நீ பஸ் ஏறிப்போன பிறகு உன் அறை ஜன்னலை நூலால் அளந்தேன். இரண்டு பேருக்கு என்றால் திரைச்சீலை கொஞ்சம் தடித்த துணியாக வேண்டும் என்று நினைத்தேன். இன்று செவ்வாய். நாலு நாளாக அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

நம்முடைய பக்கத்தில் வீடு மகளுக்கு. மகன் கல்யாணத்தன்று குரவைச் சத்தத்துக்குள் நடந்து பெண்வீட்டுக்குப் போய்விடுகிறவன். உன் வாப்பாவும் அப்படித்தான் என்னிடம் வந்தார். உனக்குப் பிறகு எனக்கு வேறு பிள்ளை தங்கவில்லை. எனவே இருபத்துநாலு வருடமாக எனக்குத் தெரியும், ஒரு நாள் இந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன் என்று. மூன்று வருடத்துக்கு முன் உன் வாப்பா மௌத்தானபோது அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே தயாராகாமல் இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடத்தை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

இன்று அஸர் தொழுதுவிட்டு வெளியே இறங்கினேன். கச்சான் காற்று புழுதியை முகத்தில் எறிந்தது. களப்பில் தண்ணீர் கரையை விட்டு வெகுதூரம் போய், நடுவில் மட்டும் ஒரு தகரத் துண்டு போல மின்னிக்கொண்டிருந்தது. வெடித்த சேற்றில் இரண்டு தோணிகள் சாய்ந்து கிடந்தன. கொக்குகள் தோணி விளிம்பில் நின்றன. நம்முடைய வீட்டு ஸ்கீம் அந்தக் களப்பைச் சுற்றி வளைந்து கிடப்பதை இப்படியான ஒரு காய்ந்த மாலையில்தான் முழுதாகப் பார்க்கலாம். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. ஆரம்பத்தில் ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து வந்து அடுத்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். இப்போது யாருக்கும் வீடு மாறாது. ஒவ்வொரு வீடும் ஒரு மகளுக்காக வளர்ந்துவிட்டது. முன்னால் ஒரு ஹோல், மேலே ஒரு அறை, மதில், இரும்புக் கேட். நம்முடையது மட்டும், ஒரு கதவு கூடியதைத் தவிர, கொடுத்தபடியே இருக்கிறது. பத்திரத்தில் உன் வாப்பாவின் பெயர், ஊர் வாயில் என் வீடு. யாருக்காக அதை வளர்ப்பது?

பரீதா ராத்தா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். வாயில் வெற்றிலை.

"எங்ககா போறாய், இந்தக் காத்துக்குள்ள? மருமகள்ட ஊட்ட வேவு பாக்கவா?"

"சும்மா நடக்கப் போறன் ராத்தா. சீனி கூடியிரிக்காம். டொக்டர் நடக்கச் சொன்னவர்."

"அந்தப் பக்கம் நடந்தாத்தான் சீனி குறையுமாமா? பள்ளிப் பக்கம் நடந்தா ஏறுமா?" அவளே சிரித்தாள். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பொட்டப் புள்ள ஒண்டு பெத்திரிந்தா ஊட்ட அவளுக்குக் குடுத்துட்டு ஒரு மூலையில கிடந்திரிக்கலாம். இப்ப பாரு, ஊடு முழுக்க உனக்குத்தான்."

அவள் அதை இரக்கமாகத்தான் சொன்னாள். நான் சிரித்துவிட்டு நடந்தேன். அவள் சந்தேகப்பட்டதும் சரிதான். நான் நடக்கப் போகவில்லை. நீ வியாழக்கிழமை கதைப்பதற்கு முன்பே நுஸ்ராவின் உம்மாவின் காதில் மெதுவாகப் போட்டுவைக்கப் போனேன். வசனம்கூட ஆயத்தமாக இருந்தது. 'மகன் என்னத் தனிய விட்டுட்டு வர மனமில்லாம இரிக்கான் மச்சி, நான் என்ன செய்யிற?' குற்றம் உன் மேல், பலன் எனக்கு.

பாதி வழியில் மதகு. அதன் குட்டைச் சுவரில் கொஞ்ச நேரம் இருந்தேன். எத்தனை வருடமாக அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் இருந்ததில்லை. இருந்து பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. அந்த இடத்திலிருந்து, வேறெந்த வீட்டையும் விட, நம் வீட்டின் குசினிப் பக்கம் துலக்கமாகத் தெரிகிறது. நீலக் கதவு. அதற்கு முன்னால் கொடியில் தொங்கும் என் துவாய்.

உன் வாப்பாவின் வாப்பாவைப் பற்றி உனக்கு என்ன நினைவிருக்கும்? நான் மாமா என்று கூப்பிட்டவர். அரிசி மில்லில் மூடை தூக்கிய தோள்கள், கதைப்பது குறைவு. மாமியைக் கடல் கொண்டுபோனது. அவருக்கும் இரண்டு மகன்கள்தான், மகள் இல்லை. இருவரும் பெண்வீடுகளில். ஸ்கீமில் அவருக்குக் களப்பின் அந்தப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது, நமக்கு இந்தப் பக்கம். இடையில் இந்தக் கிறவல் ரோட்டும் இந்த மதகும்.

இந்த வீடுகளை வரைந்தவர்கள் ஒரு வீட்டுக்கு ஒரு வாசல் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். நமக்கு இரண்டு வாசல் வேண்டும். முன்னால் வருகிறவர் விருந்தாளி. வீட்டு மனிதர் குசினிப் பக்கத்தால் வருவார், எதையும் தட்டாமல், கையில் ஒரு தேங்காயோடோ ஒரு புதினத்தோடோ. நாம் குடிவந்த முதல் மாதமே மாமா ஒரு தள்ளுவண்டியில் கதவொன்றைக் கொண்டுவந்தார். கடலில் போன அவருடைய வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். நீலச் சாயம். கீழ்ப்பக்கம் உப்பு அரித்திருந்தது. அவரும் உன் வாப்பாவும் குசினிச் சுவரை உடைத்து அதை மாட்டினார்கள். மாமா இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "இப்பதான் இது ஊடு" என்றார். நீ இன்றைக்கும் காலால் தள்ளித் திறக்கிறாயே, அந்தக் கதவு.

அவர் தினமும் அஸருக்குப் பிறகு நடந்து வருவார். வாசலில் ஒரு செருமல் கேட்கும். நான் அவசரமாக முக்காட்டைச் சரிசெய்து, முன் அறையில் நாற்காலியைத் துடைத்து, முன் கதவைத் திறப்பேன். "சும்மா நடந்து வந்தன்" என்பார். ஒவ்வொரு நாளும் அதே சொல். நான் கண்ணாடி அலுமாரியிலிருந்து சாசரும் கோப்பையும் எடுத்து, தட்டத்துக்கு விரிப்புப் போட்டு, நல்ல பிஸ்கட் வைத்துக் கொண்டுபோவேன். அவர் நாற்காலியின் நுனியில் இருந்து குடிப்பார். அந்தப் பெரிய விரல்களுக்குள் கோப்பையின் காது நுழையாது. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். நான் கதவோரம் நிற்பேன். "போதுமா மாமா? இன்னும் ஊத்தவா மாமா?" மாமனாரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்ததை ஒரு குறையில்லாமல் செய்தேன். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

ஒரு தடவை உன் வாப்பா சொன்னார்: "வாப்பாக்கு நாம குடிக்கிற கோப்பயில சும்மா ஊத்திக் குடுத்தா என்ன?"

"ஊர் என்ன சொல்லும்? மாமனார மதிக்கத் தெரியாதவள் எண்டு உங்கட ஆக்கள்தான் முதல்ல சொல்லுவாங்க."

அவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பிறகு ஒரு மாலை மாமா முன்னால் வரவில்லை. வேலி ஓரமாக நடந்து குசினிப் பக்கம் வந்துவிட்டார். கையில் ஒரு பையில் களப்பு இறால், இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நான் தரையில் இருந்தேன். தலையில் துணியில்லை, உடுப்பு முழங்கால் வரை சுருட்டியிருந்தது, கையெல்லாம் மீன் செதில். அவர் அந்த நீலக் கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்தார். சிரித்தார் என்று நினைக்கிறேன். நான் பதறி எழும்பி, "ஐயோ மாமா, முன்னால வாங்க, முன்னால வாங்க" என்றேன். வைத்த காலை எடுத்துக்கொண்டார். வீட்டைச் சுற்றிப் போனார். நான் கை கழுவி, முக்காடு போட்டு, முன் கதவைத் திறந்தபோது இறால் பை படியில் இருந்தது. அவர் நாற்காலியில் இருந்தார். சாசரும் கோப்பையும் கொண்டுபோனேன். பாதி குடித்தார். "சும்மா நடந்து வந்தன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் மதகுக்கு இந்தப் பக்கம் வருவது குறைந்தது. "உங்கட மாமா மதகுல இரிக்கார்" என்று யாராவது சொல்வார்கள். காற்று வாங்குகிறார் என்று நினைத்தேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவர் மௌத்தானார். மையித்து வீட்டில் ஒரு பெண் மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "மருமகள் எண்டா அவள்தான். அந்த மனிசனுக்கு ஒரு நாள் தட்டம் இல்லாம தேத்தண்ணி குடுத்திருக்க மாட்டாள்." எனக்கு அன்று அது பெருமையாக இருந்தது, மகன். பல வருடம் பெருமையாகவே இருந்தது. அவர் மௌத்தான பிறகு ஒலுவில் கம்பஸில் வெளிவாரியாகப் படித்தபோது மனிதனின் தனிமை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. அதில் எந்த இடத்திலும் மாமா வரவில்லை.

இன்று அந்தச் சுவரில் இருந்து எழும்பி, மிச்ச வழியையும் நடந்தேன். அப்போதும் என் வசனத்தை நான் கைவிடவில்லை. அதையும் நீ அறிய வேண்டும்.

நுஸ்ராவின் வாப்பா முன் வாசலில் குந்தியிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, கையில் மேசன் கரண்டி. படிகளுக்கு நடுவில் சீமெந்தால் ஒரு சரிவு.

"மச்சி, பாத்து! அதில மிதிச்சிராதீங்க. இப்பதான் இழுத்தன்."

"இதென்ன மச்சான்?"

"மருமகன்ட மோட்டசைக்கிளுக்கு. ஒவ்வொரு நாளும் படியால ஏத்தி இறக்கினா இடுப்பு நாரி விட்டுப்போயிரும். அவர் வாய் திறந்து கேக்கிற ஆளில்ல. நாமதான் பாத்துச் செய்யணும்."

நுஸ்ராவின் உம்மா உள்ளிருந்து வந்தாள். "மூணு நாளா இதத்தான் தடவிக்கிட்டு இரிக்கார் மச்சி. எனக்குக் குசினியில ஒரு தட்டு அடிச்சுத் தாங்க எண்டு மூணு வருசமாச் சொல்றன். மருமகனாப் பொறந்திரிக்கணும்!"

"உனக்குத் தட்டு அடிச்சா நீ அதில ஏறி இரிந்து என்ன ஏசுவாய்" என்றார் அவர்.

வீட்டைக் காட்டினார்கள். உங்கள் அறை. சட்டை கொழுவ ஒரு வரிசை கொக்கி. பின்னால், வளவின் கடைசியில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. அதற்குள் அவர்களுடைய சட்டிபானையும் பாயும் ஏற்கெனவே போய்விட்டன. "இனி முன்னுக்கு எல்லாம் அவங்கட" என்றாள் நுஸ்ராவின் உம்மா, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் மகளைப் பார்க்க ஒரு வளவைக் கடந்தால் போதும். நான் பொறாமைப்பட்டேன். வசனம் என் நாக்கின் நுனியில் இருந்தது. அப்போது வாசலில் இருந்து கரண்டி உரசும் சத்தம் கேட்டது. ஒரு மனிதர் இன்னொருவரின் மகனுடைய நாரிக்காகச் சீமெந்தை மெழுகிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முன் ஹோலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். இருந்தேன். நுஸ்ரா தட்டத்தோடு வந்தாள். முக்காட்டை அவசரத்தில் போட்டிருந்தாள், ஒரு பக்கம் முடி தெரிந்தது. தட்டத்துக்கு விரிப்பு. சாசர். கோப்பை. நல்ல பிஸ்கட். தட்டத்தை நீட்டியபோது சாசர் மெல்லிதாகச் சத்தம் போட்டது. கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள்.

"போதுமா மாமி? சீனி சரியா?"

நாற்காலியின் நுனியில் நான் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். 'உங்கட குசினிக்குள்ள வந்து குடிக்கவா புள்ள' என்று கேட்க நினைத்தேன். வாயை அசைத்தால் போதும். கேட்க வரவில்லை. "அளவா இரிக்கி மகள்" என்றேன்.

"என்ன விசேசம் மச்சி, இந்த நேரத்தில?" என்று அவளுடைய உம்மா கேட்டாள்.

"ஒண்டும் இல்ல. சும்மா நடந்து வந்தன்."

என் வாயிலிருந்து அது அவருடைய குரலில் வந்தது. மீதித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ஈரச் சீமெந்தில் கால் படாமல் பக்கத்தால் இறங்கி, களப்பு ஓரமாக வந்துவிட்டேன். பரீதா ராத்தா "சீனி குறைஞ்சிட்டாகா?" என்று கேட்டது காதில் விழுந்தது. மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது.

எனவே, மகன், நீ அந்த வீட்டுக்குப் போ. வியாழக்கிழமை நுஸ்ராவின் வாப்பாவிடம் போய்க் கதை, சீமெந்துச் சரிவு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வா. வேறொன்றும் கதைக்காதே. எனக்காக நீ இங்கே இருந்தால் அந்த மனிதர் கட்டிய வீடு அவருடைய கண்ணுக்கு முன்னால் வெறுமனே கிடக்கும். ஊர் அவருடைய மகளைத்தான் கதைக்கும். நுஸ்ரா இந்த வீட்டில் வாழ்நாள் முழுக்க என் தனிமைக்குக் காவல் இருப்பாள். அவள் அப்படி யாருக்கும் கடமைப்பட்டவள் இல்லை. நான் தனியாக இருக்கமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். இருப்பேன். இன்று வந்து விளக்கைப் போட்டபோதே அது எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டேன். சோறு ஒரு பிடி மிஞ்சும். ரேடியோ கொஞ்சம் சத்தமாகப் பாடும். அதெல்லாம் தாங்கக்கூடியது. எனக்குப் பயம் வேறொன்றில்.

நான் வருவேன். தினமும் வரமாட்டேன் என்று இப்போது சொல்கிறேன், பிறகு வருவேன். கேட்டில் செருமல் கேட்கும். சும்மா நடந்து வந்தன் என்பேன். அந்தச் சும்மாவை நம்பாதே. நுஸ்ரா நாற்காலியைத் துடைக்கப் போனால் அவளைத் தடு. அவள் நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் சரியாகச் செய்வாள், அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். உன் வாப்பா என்னிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டார். நீ அப்படி விட்டுவிடாதே, திரும்பத் திரும்பச் சொல். என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போ. அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டு இருக்கட்டும், தலையில் துணி இல்லாமல் இருக்கட்டும். கிடக்கிற கோப்பையில் ஊற்றித் தரட்டும். தேத்தண்ணி இல்லையென்றால் இல்லை என்று சொல்லட்டும். நான் ஒரு பலகையில் இருந்து வெங்காயம் உரிப்பேன்.

நீ இங்கே வரும்போதும் அப்படித்தான். மகன்கள் கல்யாணத்துக்குப் பிறகு உம்மாவின் வீட்டுக்கு முன் கதவால் வரத் தொடங்கிவிடுகிறார்கள். கையில் ஒரு பார்சலோடு. உம்மாமாரும் அலுமாரியைத் திறந்து சாசரைத் தேடுகிறார்கள். நான் தேடமாட்டேன். அந்தச் சாசர்களைப் பரீதா ராத்தாவுக்குக் கொடுத்துவிடப் போகிறேன்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. துஆவில் கேட்கிறேன். அது போய்ச் சேரும். ஆனால் அந்த ஒரு கால், உள்ளே வைத்த கால், அதை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதி முடிக்கிறேன். கச்சான் இன்னும் அடங்கவில்லை. குசினிக் கதவின் கொண்டியை இன்று போடவில்லை. காற்றுக்கு அது திறந்து திறந்து சாத்திக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன்.

உன் உம்மா